கோளாறு அக்காவும் ஒரு ‘வாரேனுங்க’வும்

கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் பஸ்ஸில் நின்றபடியே, ஒரு கையில் கம்பியும் மறு கையில் பாடப் புத்தகமுமாக, ஒரு தடவைகூட வாந்தி எடுக்காமல் படித்துக்கொண்டே இறங்கிய ஒரே பிறவி இந்தப் பூமியில் கோளாறு அக்கா மட்டும்தான். இன்னொருவர் இருக்கிறார் என்று யாராவது எனக்குக் கடிதம் எழுதினாலும் நம்பமாட்டேன். நானெல்லாம் மூன்றாவது வளைவிலேயே எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு, என்னை இந்த மலைக்கு மாற்றிய அதிகாரியை மனதாரத் திட்டும் ரகம். திருவாரூர்ப் பக்கத்துக்காரன் நான். எங்கள் ஊரில் மேடு என்றால் வயல் வரப்புதான்.

செம்மேட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக வந்து சேர்ந்தேன். துறையின் பெயர் வேண்டாம், எனக்கு இன்னும் சர்வீஸ் பாக்கி இருக்கிறது. கோளாறு அக்கா அங்கே தற்காலிகக் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். சொந்த ஊர் அரியூர் நாடு, மலையில் ஊர்த்தொகுதியை நாடு என்பார்கள். வீட்டுக்காரருக்கு மரவள்ளியும் மிளகும். அக்காவுக்குப் பெற்றோர் வைத்த அழகான பெயர் ஒன்று உண்டு, வருகைப் பதிவேட்டில்கூட இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் செம்மேட்டில் ஒருவரும் வழி காட்டமாட்டார்கள்.

பெயர்க் காரணம் எளிது. பிரிண்டர் மக்கர் செய்தாலும், பஸ் நடுவழியில் நின்றாலும், மேலாளருக்கு மூட்டு வலித்தாலும் அக்கா சொல்வது ஒன்றுதான்: “கோளாறு எங்கன்னு பாப்போமுங்க.” ஒரு நாள் கையெழுத்துக்காக வந்த புருஷனும் பெண்டாட்டியும் அலுவலக வாசலிலேயே சண்டை போட்டார்கள். மற்றவர்கள் வேடிக்கை பார்த்தோம். அக்கா மட்டும் நோட்டை எடுத்துக்கொண்டு போய் நடுவில் உட்கார்ந்தார்.

“எந்தத் தேதி வரைக்கும் நல்லா ஓடிட்டிருந்துச்சுங்க?”

“தை மாசம் வரைக்குமுங்க” என்றார் புருஷன்.

“தைக்கு மேல ஊட்ல புதுசா என்ன சேத்துனீங்க?”

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “எங்கம்மா வந்து தங்கியிருக்குதுங்க” என்றார்.

“கெடச்சிருச்சுங்க” என்று அக்கா நோட்டை மூடினார். அந்த அம்மாள் மறுவாரமே மகள் வீட்டுக்குப் போய்விட்டதாகக் கேள்வி.

இப்படிப்பட்டவர் எம்.இ. கம்ப்யூட்டர் படிக்காமல் வேறு எதைப் படிப்பார்? கல்யாணத்துக்கு முன் வாங்கிய பி.இ. பட்டத்தை மரப்பெட்டியில் இருந்து எடுத்துத் தூசி தட்டி, சனி ஞாயிறுகளில் கீழே ஒரு கல்லூரியில் பகுதி நேர வகுப்பில் சேர்ந்துவிட்டார். படிக்கிற நேரம் பஸ்ஸில்தான். வளைவுகளுக்குத்தான் நம்பர் போர்டு இருக்கிறதே, ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பாடம். பரீட்சை ஹாலில் பதில் நினைவுக்கு வர, படித்த வளைவில் உடம்பு எந்தப் பக்கம் சாய்ந்ததோ அதே பக்கம் சாய்ந்து யோசிப்பார். இடது பக்கம் ஒரு சாய்வு, வலது பக்கம் ஒரு சாய்வு. காப்பி அடிப்பதாக நினைத்த மேற்பார்வையாளர் அவரைத் தனியாக முதல் பெஞ்சில் தூக்கிப் போட்டார். அங்கேயும் சாய்ந்தார், பக்கத்தில் சுவர்தான் இருந்தது. எல்லாத் தாளிலும் பாஸ்.

நான் போய்ச் சேர்ந்தபோது மிச்சமிருந்தது ப்ராஜெக்ட் மட்டும். அதுதான் கழுத்துக்குக் கத்தி. குழந்தை, மாமியார் ஆஸ்பத்திரி என்று ஏற்கெனவே பல செமஸ்டர் தள்ளிப் போயிருந்தது. இந்த செமஸ்டரோடு பதிவு காலாவதி. இப்போது முடிக்காவிட்டால் அத்தனை வளைவுகளும், அத்தனை சாய்வுகளும் வீண்.

ப்ராஜெக்ட்டுக்கு விதை போட்டவர் அக்காவின் மாமனார். அவர் ஒரு நாள் செல்போனைப் பார்த்து மரியாதையாக, “ஏனுங்க, தொறையூரு பஸ்ஸு வருதுங்களா?” என்று கேட்டிருக்கிறார். போன் வரிசையாகப் பெண்கள் வைத்துக்கொள்ளும் பர்ஸ் படங்களைக் காட்டியது. “பாவம், அதுக்குக் காது மந்தமாட்டந் தெரியுது” என்று பெரியவர் விட்டுவிட்டார். அக்கா விடவில்லை. மலைப் பேச்சு புரிகிற ஒரு மெஷினை நானே செய்கிறேன் என்று கிளம்பிவிட்டார்.

முதல் பரிசோதனைக் களம் எங்கள் அலுவலகம். வாசல் ஜன்னல் கம்பியில் ஒரு பழைய போனைக் கட்டி வைப்பது. உள்ளே வருகிறவர்களும் வெளியே போகிறவர்களும் பேசுவதைக் கேட்டு அது ‘டிங்’ என்று ஒரு சத்தம் கொடுத்து, ‘உள்ளே’ அல்லது ‘வெளியே’ என்று சொல்லி, வருவோர் போவோர் பதிவேட்டிலும் ஏற்றும். நாகர்கோவில்காரரான மேலாளர் மகிழ்ச்சியோடு சம்மதித்தார். அந்தப் பதிவேட்டை வருஷக்கணக்காக யாரும் எழுதியதில்லை, ஆய்வுக்கு வேறு ஆள் வரப்போகிறார்கள் என்ற பயம் அவருக்கு.

குரல் சேகரிக்க அக்கா சந்தைக்கும் வயலுக்கும் அலைந்தார், என்னையும் இழுத்துக்கொண்டு. மலைக்காரர்கள் போனிடம் காட்டிய மரியாதையை என் சொந்தக்காரர்கள்கூட எனக்குக் காட்டியதில்லை. குண்டனி நாட்டில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்த ஒருவர் பேசி முடித்துவிட்டு, போனைப் பார்த்து “தண்ணி ஏதாச்சும் குடிக்கறீங்களா?” என்று கேட்டார்.

எல்லாம் தயாராகி, ஒரு திங்கட்கிழமை மெஷினை ஓடவிட்டோம். சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு மேலாளர் ஆசையோடு திரையைப் பார்த்தார்.

“கர்த்தாவே!”

ஆறு நாற்காலி உள்ள அலுவலகத்தில் அப்போது தொண்ணூற்று நான்கு பேர் இருந்தார்கள். ஒருவர்கூட வெளியே போகவில்லை. மேலாளர் காலையில் ஒரு தடவை வந்து, மத்தியானம் சாப்பிடக் கிளம்பியபோது இன்னொரு தடவை வந்து, சாப்பிட்டுத் திரும்பியபோது மறுபடியும் வந்து, ஆக மூன்று பேராக உட்கார்ந்திருந்தார்.

“ஏம்மா, நான் மூணு பேரா? எனக்கு ஒரு சம்பளந்தானே வருது?”

“கோளாறு எங்கன்னு பாப்போமுங்க” என்று அக்கா பதிவுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டார். கிளம்பிய அத்தனை பேரும் வாசலில் நின்று அழகாகச் சொல்லியிருந்தார்கள்: “சரிங்க, வாரேனுங்க.”

மெஷினில் எழுதி வைத்திருந்தது, ‘வாரேன்’ என்றால் உள்ளே, ‘போறேன்’ என்றால் வெளியே. கிளம்பும்போது ‘போறேன்’ என்று எந்தத் தமிழன் சொல்லியிருக்கிறான்? மலையில் பிறந்த அக்காவுக்கும் தோன்றவில்லை, சமவெளியில் பிறந்த எனக்கும் தோன்றவில்லை. பிறந்ததில் இருந்து சொல்லிக்கொண்டிருக்கிற வார்த்தையை யார் நின்று யோசிக்கிறார்கள்?

கல்லூரி வழிகாட்டிப் பேராசிரியருக்கு அக்கா போன் செய்தார். அவர் ஒரு நொடியில் வழி சொன்னார். “எல்லாரையும் ‘போறேன்’னு சொல்லச் சொல்லுங்கம்மா. ஒரு போர்டு எழுதி மாட்டுங்க, முடிஞ்சுது.”

மேலாளரே தன் அழகான கையெழுத்தில் எழுதி மாட்டினார்: ‘வெளியேறும்போது போகிறேன் என்று சொல்லவும்.’ மறுநாள் மனு கொடுக்க வந்த ஒரு பெண் வேலை முடிந்து வாசல் வரை போனார், போர்டைப் படித்தார், நின்றுவிட்டார்.

“கைக்கொழந்தைய ஊட்ல உட்டுப்போட்டு வந்திருக்கேனுங்க. வாயில போறேன்னு எப்படிங்க வரும்?”

பின்னால் வந்தவரும் போர்டைப் படித்துவிட்டு நின்றார். அதற்குப் பின்னால் வந்தவரும். அரசாங்க உத்தரவை மீறவும் பயம், அந்த வார்த்தையைச் சொல்லவும் பயம். மத்தியானத்துக்குள் அலுவலகம் கல்யாண மண்டபம் மாதிரி ஆகிவிட்டது. திங்கட்கிழமை மெஷின் சொன்ன பொய்யைச் செவ்வாய்க்கிழமை போர்டு உண்மையாக்கிவிட்டது.

அக்கா ஸ்டூல் போட்டு ஏறி போர்டைக் கழற்றினார். “நீங்க எப்பவுமாட்ட சொல்லிப்போட்டு வாங்க சாமி” என்று ஜனங்களை அனுப்பிவிட்டு, அங்கேயே நின்று பேராசிரியருக்குப் போன் போட்டார்.

“மெஷினுக்கோசரம் எங்க ஜனம் போறேன்னு சொல்லாதுங்க சார். மெஷினு கத்துக்கட்டுங்க.”

“டைம் இல்லம்மா. பூ படத்தைப் பாத்து பேர் சொல்ற ப்ராஜெக்ட் ஒண்ணு பாதி ரெடியா இருக்கு. அதை எடுத்துக்குங்க, பாஸ் பண்ணிடலாம். பிடிவாதம் பிடிச்சா டிகிரி போயிடும்.”

“பூவுக்குப் பேரு எங்க ஊரு ஆடு மாடுக்கே தெரியுமுங்க சார். எனக்கு இதுதானுங்க வேணும்.”

போனை வைத்துவிட்டு அக்கா போர்டைத் தூக்கி பீரோவுக்குப் பின்னால் போட்டார். இவருக்குத்தான் நிஜமாகவே கோளாறு என்று அன்றைக்கு நினைத்தேன். நானாக இருந்தால் அந்த நிமிஷமே பூ பறிக்கப் போயிருப்பேன்.

அடுத்த சில வாரங்கள் அலுவலகம் நாடகக் கொட்டகைதான். அக்கா வாசலில் முக்காலி போட்டு, கண்ணை மூடி, போகிறவர் வருகிறவர் குரலைக் கேட்டுக்கொண்டே இருந்தார். என்னை விதவிதமாக ‘வாரேனுங்க’ சொல்லவைத்தார். சந்தோஷமாக, கோபமாக, பஸ் பிடிக்கிற அவசரத்தில், மனு தள்ளுபடியான வருத்தத்தில். என் பழைய தஞ்சாவூர் ஜில்லா நாக்கில் அது ‘வர்றேங்க’ என்றே வரும். “அக்கட்டால போயி நல்லாக் கொப்புளிச்சுப்போட்டு வாங்க தம்பி” என்பார். டீக்கடைக்காரர் என்னைப் பார்த்தாலே “வாரேனுங்க” என்று கும்பிட ஆரம்பித்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை அக்கா முக்காலியில் இருந்து துள்ளி எழுந்தார்.

“கெடச்சிருச்சுங்க தம்பி! உள்ள வாரவங்க மொதல்ல ‘ஏனுங்க’ங்கறாங்க. அவங்க வாரேன்னு சொன்னாலும் வெடுக்குனு முடிஞ்சிருது. கெளம்பறவங்களுக்கு முன்னால ஒரு ‘சரிங்க’, இல்லாட்டி ஒரு ‘அப்ப’ இருக்குது. கடைசில அந்த ‘ங்க’ கொஞ்சம் நீளுதுங்க.”

“ஏன்க்கா நீளுது?”

“கால் முன்னால போனாலும் மனசு இங்கயே நிக்குது பாருங்க. அதானுங்க.”

எம்.இ. ப்ராஜெக்ட் அறிக்கையில் அந்தக் காரணத்தை எழுத முடியாது. ‘இறுதி அசையின் கால அளவு’ என்று என்னவோ எழுதினார். நான் அதைப் புரிந்துகொண்டதாகத் தலையாட்டினேன்.

வாய்மொழித் தேர்வான வைவா அன்று லேப்டாப் பையை மடியில் வைத்துக்கொண்டு நானும் கூடப் போனேன், எலுமிச்சம்பழத்தோடு. அக்கா வழக்கம்போல நின்றபடி படித்தார். ஆனால் அடிவாரத்துக் காரவள்ளி வரும்வரை ஒரு பக்கமும் திருப்பவில்லை. அன்றைக்குத்தான் அவர் பயந்து பார்த்தேன்.

அறைக் கதவு திறந்தே இருந்ததால் வராந்தாவில் இருந்து எல்லாவற்றையும் பார்த்தேன், கேட்டேன். வெளியூரில் இருந்து வந்த தேர்வாளர் கேள்வியாகக் கேட்டுத் துளைத்தார். அக்கா இடதும் வலதுமாகச் சாய்ந்து சாய்ந்து பதில் சொன்னார். போனை மேஜையில் வைத்து, பதிவு செய்த குரல்களைப் போட்டார், மெஷின் பெரும்பாலும் சரியாகவே சொன்னது. தேர்வாளர் முகம் மட்டும் இளகவில்லை.

“எல்லாம் சரிம்மா. இது உங்க மலைக்கு மட்டும்தானே? கீழே இருக்கறவங்களுக்கு இதால என்ன பிரயோஜனம்?”

அக்கா இடது பக்கம் சாய்ந்தார், வலது பக்கம் சாய்ந்தார். எந்த வளைவிலும் இதற்குப் பதில் இல்லை. தேர்வாளர் ஃபைலில் கையெழுத்துப் போடாமல் மூடி வைத்து, “யோசிச்சுச் சொல்றேன்” என்று எழுந்தார். நான் எலுமிச்சம்பழத்தை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டேன். அவர் கதவருகே வந்து, உள்ளே உட்கார்ந்திருந்த வழிகாட்டிப் பேராசிரியரைத் திரும்பிப் பார்த்தார்.

“சரி சார், அப்ப வர்றேன்.”

மேஜையில் கிடந்த போன் ‘டிங்’ என்றது. “வெளியே.”

தேர்வாளர் வாசலைத் தாண்டியிருந்த தன் காலைப் பார்த்தார். போனைப் பார்த்தார்.

“நான் இப்ப என்ன சொன்னேன்?”

“வர்றேன்னு சொன்னீங்க சார்” என்றார் அக்கா.

“நான் மதுரைக்காரன்மா.”

“ஆமாங்க சார். மதுரையிலயும் யாரும் போறேன்னு சொல்ல மாட்டாங்களாட்ட இருக்குதுங்க.”

அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். ஃபைலைத் திறந்து கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் சிரித்தார். ஊர் திரும்பும்போது அக்கா ஒன்றாம் வளைவில் இருந்து எழுபதாம் வளைவு வரை அழுதுகொண்டு வந்தார். நின்றபடிதான்.

மறுவருஷம் எனக்கு மாறுதல் உத்தரவு வந்தது. மூன்று தடவை கெஞ்சி விண்ணப்பம் போட்டு வாங்கியது. கையில் வந்தபோது சந்தோஷமே வரவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். கடைசி நாள், மாலை, பொன்னாடை, மிக்ஸர் எல்லாம் முடிந்து வாசலுக்கு வந்தேன். ஜன்னல் கம்பியில் போன் காத்திருந்தது. பக்கத்தில் அக்கா. ஒருமுறையாவது மலைக்காரன் மாதிரி சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். ‘வாரேனு...’ வரைக்கும் வந்தது. நீள வேண்டிய ‘ங்க’ வெளியே வரவே இல்லை.

‘டிங்.’ “உள்ளே.”

“கோளாறு, அக்கா” என்றேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

அக்கா திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “பஸ்ஸு வந்துருச்சுங்க தம்பி, ஏறுங்க” என்றார்.

போன மாதம் மேலாளரிடம் போனில் பேசினேன். தினமும் சாயங்காலம் எல்லோரும் கிளம்பிய பிறகும் பதிவேட்டில் இரண்டு ஆள் மிச்சம் காட்டுகிறதாம், இரண்டும் நான்தான். உலகத்தில் எந்தக் கோளாறையும் விட்டுவைக்காத அக்கா, அதை மட்டும் யாரையும் தொடவிடவில்லையாம்.