பேர் இல்லாத பட்டன்

சபதத்தை மனசுக்குள்ள போட்டுக்கணும். நான் கத்திப் போட்டேன். கிளாஸ் மொத்தமும் கேட்டுச்சு.

"பட்டனுக்குப் பேர் வைக்கிற வரைக்கும் இந்த ஆப்பை நான் தொட மாட்டேன். எனக்காக வேற எவனும் தொடவும் கூடாது!"

விஷயம் இதுதான். எனக்குக் கண்ணு தெரியாது. சட்டம் படிக்கிறேன். எங்க காலேஜ்ல வருகைப் பதிவுக்குன்னு இந்த மாசம்தான் போன்ல ஒரு ஆப் கொண்டு வந்தாங்க. பீரியட் ஆரம்பிச்சதும் "வந்துட்டேன்"னு ஒரு பட்டன் வரும். அமுக்கணும். கொஞ்ச நேரத்துல அது மறைஞ்சிடும். திரையில இருக்குறதை வாய்விட்டு வாசிச்சுக் காட்டுற ஸ்க்ரீன் ரீடர் என் போன்ல இருக்கு. அந்த ஆப்பைத் திறந்தா அது என்ன சொல்லும் தெரியுமா? "பட்டன். பட்டன். பட்டன். பட்டன்." அவ்வளவுதான். எது வந்துட்டேன், எது லீவு, எது காலேஜை விட்டே போறேன்? ஆண்டவனுக்கே வெளிச்சம்.

ஒரு தடவை குத்துமதிப்பா ஒண்ணை அமுக்கினேன். ஹாஸ்டல்ல இடம் கேட்டு விண்ணப்பம் போயிடுச்சு. நான் கல்யாணம் ஆனவன். போனது லேடீஸ் ஹாஸ்டலுக்கு.

கிளாஸ் எடுக்க வந்த துறைத் தலைவர்கிட்ட போய் நின்னேன். அவர் ரொம்ப அன்பா சொன்னார். "வீட்ல சம்சாரம் இருக்காங்கல்ல தம்பி? அவங்களை அமுக்கச் சொல்லுங்க."

"நான் கிளாஸ்ல இருக்கேன்னு என் சம்சாரம் சொல்லணுமா சார்? அவ என்ன என் பக்கத்துலயா உக்காந்திருக்கா?"

"இவ்வளவு சின்ன விஷயத்துக்கு ஏன் தம்பி இவ்வளவு கோவம்?"

சின்ன விஷயமாம்! அப்பப் போட்டதுதான் அந்தச் சபதம்.

அதுக்கப்புறம் தினமும் கிளாஸுக்குப் போனேன். பட்டனை மட்டும் தொடல. எங்க கிளாஸ்ல ஒருத்தன் இருக்கான், பேரே கடைசி பெஞ்ச். "போனைக் குடு மாப்ள, நான் அமுக்குறேன்"னான். "தொட்டே, கேஸ் போடுவேன்"னேன். "உனக்குத் தெரியாமயே அமுக்குவேன் பாரு"ன்னு சிரிச்சான்.

இன்னிக்குக் காலையில அறிவிப்பு வந்துச்சு. வருகை குறைவா இருக்குறவங்க சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள காரணம் எழுதி அனுப்பணும். இல்லன்னா பரிட்சை கிடையாது. இந்த வருஷத்தைத் திரும்பப் படிக்கணும். காரணத்தை எங்க எழுதணுமாம்? அதே ஆப்ல!

பதறிட்டேன். காலேஜை நெனச்சு இல்ல. என் சம்சாரத்தை நெனச்சு.

அவ கண்ணாடிக் கடையில வேலை பாக்குறா. ஊர்ல எல்லார் பார்வையையும் சரி பண்ணிட்டு வீட்டுக்கு வருவா. சத்தம் போட மாட்டா. கோவப்பட மாட்டா. ஒரே ஒரு கேள்வி கேப்பா. அதுக்குப் பதில் சொல்றவன் இன்னும் பொறக்கல. "நீங்க நிம்மதியா படிங்க, மத்ததை நான் பாத்துக்குறேன்"னு சொன்னவ அவ. அவகிட்ட போய், ஒரு வருஷம் போச்சு, காரணம் என் வாய்னு எப்படிச் சொல்றது?

அதுலயும் இன்னிக்கு அவளுக்கு லீவு. வீட்லயே இருக்கா.

யோசிச்சேன். போன்லதானே அந்த ஆப் ஊமை? டெஸ்க்டாப்ல ஓட்டினா? கம்ப்யூட்டருக்குள்ள ஒரு போனையே உருவாக்குற மென்பொருள் இருக்கு. எமுலேட்டர். நெசப் போன் இல்ல, போன் மாதிரி நடிக்கும். என் டெஸ்க்டாப்ல இருக்குற ஸ்க்ரீன் ரீடர் கொஞ்சம் பெரிய கை. படமா கிடக்குற எழுத்தைக்கூட மோப்பம் பிடிச்சு வாசிக்கும். வாசிச்ச வார்த்தைமேல எண்டர் தட்டினா மவுஸை அங்கயே கொண்டுபோய்க் கிளிக் பண்ணும். சபதம்? நான் தொடப்போறது கீபோர்டை. ஆப்பை இல்ல. சட்டம் படிக்கிறது பின்ன எதுக்கு?

ரூம் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். ஹெட்போனைத் தேடினேன். அது ஹால்ல இருந்துச்சு. ஹால்ல அவ இருந்தா. சரி, ஸ்பீக்கர்லயே ஆகட்டும்னு உக்காந்தேன்.

டெஸ்க்டாப் ரீடருக்கு ஆம்பளைக் குரல். அவர் ஐயா. எமுலேட்டருக்குள்ள இருக்குற ரீடருக்குப் பொம்பளைக் குரல். அவங்க அம்மணி. ஐயாவுக்கு எமுலேட்டர் ஒரு மொட்டைச் சுவர். உள்ள நடக்குறது அம்மணிக்குத்தான் தெரியும். அம்மணிக்குப் படத்துல இருக்குற எழுத்து தெரியாது. அது ஐயாவுக்குத்தான் தெரியும். ரெண்டு பேரும் வேணும். ஆனா ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் வாயை மூடினாத்தானே?

"வெற்றுச் சாளரம்"னார் ஐயா.

"பட்டன்"னாங்க அம்மணி.

"வெற்றுச் சாளரம்."

"இயக்க இருமுறை தட்டவும்."

கதவுக்கு வெளிய கொலுசு சத்தம் வந்து நின்னுச்சு.

"என்னங்க?"

"என்ன?"

"உள்ள யாரு?"

"நான்தான்."

"நீங்க ஒரு ஆளு. குரல் ரெண்டு கேக்குதே."

"கம்ப்யூட்டர்ம்மா. படிச்சிட்டிருக்கேன்."

"தட்டுங்க தட்டுங்கன்னு ஒரு பொம்பளை சொல்றாளே, அதுவும் பாடமா?"

நான் பதில் சொல்றதுக்குள்ள பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா வந்து சேந்துட்டாங்க. எங்க ரூமுக்கும் அவங்க மெஷினுக்கும் நடுவுல ஒரு சுவர்தான்.

"ஏம்மா, உன் வீட்டுக்காரர் ரூம்ல ஒரு பொண்ணு ரொம்ப நேரமா பேசுதே?"

"ஆமாக்கா. எனக்கும் கேக்குது."

"நீ சும்மாவா இருக்கே?"

"அவ பேசுறதையாவது அவர் பொறுமையா கேக்குறாரே, கேக்கட்டும் விடுங்கக்கா."

எனக்கு வேர்த்துக் கொட்டுச்சு. மணி நாலு தாண்டியாச்சு. லாகின் பக்கம் வந்துச்சு. பாஸ்வேர்டு கேட்டுச்சு. பாஸ்வேர்டு வெச்சவ அவ. எங்க கல்யாணத் தேதி. போட்டேன்.

"தவறு"ன்னாங்க அம்மணி.

ஒரு நாள் முன்ன தள்ளிப் போட்டேன். தவறு. மாசத்தை மாத்திப் போட்டேன். தவறு. இன்னும் ஒரு வாய்ப்புதான் மிச்சம்னாங்க.

வேற வழி இல்ல. கதவுகிட்ட போனேன். குரல்ல தேனைத் தடவிக்கிட்டேன்.

"ஏம்மா... நம்ம கல்யாணம் என்னிக்கு நடந்துச்சு?"

வெளிய தையல் அக்காவோட மூச்சுச் சத்தம்கூட நின்னுபோச்சு.

"எதுக்குங்க?"

"சும்மா. திடீர்னு ஞாபகம் வந்துச்சு."

"ஞாபகம் வந்தவர் ஏன் கேக்குறீங்க?"

பாத்தீங்களா? இதான் அந்த ஒரே கேள்வி. கடைசியில தேதியைச் சொன்னா. நான் வருஷத்தையே தப்பா வெச்சிருந்திருக்கேன்.

உள்ள போயாச்சு. "காரணம் எழுதுக"ங்கிறது படமாத்தான் இருந்துச்சு. ஐயா மோப்பம் பிடிச்சார். எண்டர் தட்டினேன். கட்டம் திறந்துச்சு. இனிமே கீபோர்டு என் ராஜ்ஜியம். இந்த மாசம் பூரா அடக்கி வெச்சிருந்த கோவத்தை விரல்ல இறக்கினேன். பேர் இல்லாத பட்டன், பார்வை இல்லாதவங்களை வாசல்லயே நிறுத்துற கதவுன்னு எழுதினேன். சம்சாரத்தை அமுக்கச் சொன்ன துறைத் தலைவர் மன்னிப்புக் கேக்கணும்னு எழுதினேன். அப்புறம் கடைசி பெஞ்ச் ஞாபகம் வந்துச்சு. அவன் விளையாட்டுக்கு அமுக்கி வெச்சிருந்தா என் போராட்டமே பொய்யாயிடுமே? அதுக்கும் ஒரு பத்தி போட்டேன்.

"என் பெயரில் ஒரே ஒரு வருகை பதிவாகியிருந்தாலும் அது மோசடி. செய்தவர் யாராக இருந்தாலும் தயவு தாட்சண்யமின்றிக் கடும் நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன்."

அனுப்பிட்டேன்.

"மனு பதிவானது. ஐந்து மணி வரை மாற்றலாம்"னாங்க அம்மணி. நாற்காலியில சாஞ்சேன். ஜெயிச்ச வக்கீல் மாதிரி கால்மேல கால் போட்டேன்.

அப்ப அடுத்த பக்கம் தானா திறந்துச்சு. ஐயா வாசிச்சார்.

"வருகை தொண்ணூற்றாறு சதவீதம். தேர்வு எழுதத் தகுதி உண்டு."

ஐயாவுக்கு மோப்பம் போயிடுச்சுன்னு நெனச்சேன். திரும்ப வாசிக்கச் சொன்னேன். அதேதான். கீழ இன்னொரு வரி.

"இக்கணக்கு திறந்திருக்கும் மற்றொரு கருவி: மகாராணி."

என் கால் தானா கீழ இறங்குச்சு.

மகாராணிங்கிறது என் சம்சாரம் தன் போனுக்கு வெச்சிருக்குற பேர்.

இப்ப யோசிச்சுப் பாருங்க. கட்டின பொண்டாட்டிமேல கடும் நடவடிக்கை எடுங்கன்னு கைப்பட எழுதி அனுப்பியிருக்கேன். அதுவும் தயவு தாட்சண்யமில்லாம! மனுவை மாத்தணும். மாத்துற பட்டன் எங்க? அம்மணி "பட்டன், பட்டன்"னாங்க. ஐயாவுக்கு அங்க ஒரு எழுத்துமே கிடைக்கல. கண்டதை அமுக்கவும் பயம். இந்தத் தடவை எந்த ஹாஸ்டலோ? "மணி நாலு ஐம்பது"ன்னார் ஐயா, நான் கேக்காமலே.

கதவைத் திறந்தேன். வாசல்லயே நிக்கிறா. அக்கா போயிட்டாங்க போல.

"என்னங்க, சட்டையெல்லாம் நனைஞ்சிருக்கு?"

"உனக்குப் போலீஸ்னா பயமா?"

"எனக்கு எதுக்குப் பயம்?"

"சும்மா, ஒரு பேச்சுக்கு." அதுக்கு மேல முடியல. "நீ எதுக்கு அமுக்கினே?"

"ஓ, பாத்துட்டீங்களா? நீங்க சபதம் போட்ட அன்னிக்கே துறைத் தலைவர் எனக்குப் போன் பண்ணி, நீங்களே அமுக்கிடுங்கன்னுட்டாரு. அன்னிலேருந்து அமுக்குறேன். ஒருத்தருக்கு ஃபிரேம் மாட்டிட்டு இருந்தாக்கூட, ஒரு நிமிஷம் சார்னு சொல்லிட்டு அமுக்குவேன்."

"அது பொய்ச்சாட்சி!"

"நீங்க கிளாஸ்ல இருந்தீங்களா இல்லையா?"

"இருந்தேன்."

"அப்ப பொய் எங்க இருக்கு?"

"நான் இருக்கேன்னு கடையில நிக்கிற உனக்கு எப்படித் தெரியும்?"

"கிளாஸ் ஆரம்பிச்ச உடனே அந்த வாத்தியாரைத் திட்டி எனக்கு மெசேஜ் அனுப்புவீங்கல்ல? அது வந்தா அமுக்கிடுவேன். கொஞ்ச பீரியட் யாரையுமே நீங்க திட்டல. சரி, வரல போலன்னு விட்டுட்டேன்."

மிச்ச நாலு சதவீதம் அதான்.

"சட்டப்படி பாத்தா..."

"சட்டப்படி இப்ப மணி என்ன?"

தலையைக் குனிஞ்சேன். எல்லாத்தையும் சொன்னேன். மோசடிப் பத்தியையும் சொன்னேன். அவ உள்ள வந்து என் நாற்காலியில உக்காந்தா.

"இதோ, பென்சில் படம். இதுதான் மாத்துற பட்டன்."

"பென்சிலா? பென்சில்னு எழுதி வெச்சா என்ன கேடு அவனுங்களுக்கு?"

"கத்தாதீங்க. படிக்கிறேன்."

படிச்சா. அவ மனசுக்குள்ள படிக்கிறவ. அந்த அமைதியில எனக்கு உசுரு போய் உசுரு வந்துச்சு. அப்புறம் அழிக்கிற பட்டனை அழுத்திப் பிடிச்சா. என் கோவம் ஒவ்வொரு எழுத்தா சாகுது. அப்புறம் டக் டக்னு ஏதோ தட்டினா.

"நீக்கத்தானே சொன்னேன்? எதுக்குத் தட்டுறே?"

"கட்டம் காலியா இருந்தா விட மாட்டேங்குதுங்க."

"என்ன எழுதினே?"

"ரெண்டு வரி."

"என்ன ரெண்டு வரி?"

"மனு மாற்றப்பட்டது"ன்னாங்க அம்மணி. அவளுக்கு நல்ல கூட்டாளி.

பரிட்சை தப்பிச்சுச்சு. சம்சாரம் தப்பிச்சா. எனக்கு மட்டும் தூக்கம் வரல. என்னமோ எழுதியிருக்காளே!

மறுநாள் பதில் வந்துச்சு. இந்தத் தடவை கதவைப் பூட்டல. அம்மணியை வாசிக்கச் சொன்னேன்.

"தங்கள் மனைவியார் எழுதிய மனு கிடைத்தது. 'பட்டன்ல பேர் எழுதுங்க. எனக்குக் கடையில வேலை இருக்கு.' இது மிக நியாயமான கோரிக்கை. எல்லாப் பட்டன்களுக்கும் இந்த வாரமே பெயர் வைக்கப்படும்."

என் பக்கம் பக்கமான இலக்கியத்துக்குக் கிடைக்காதது! அம்மணி இன்னும் நிறுத்தல.

"பார்வையற்ற மாணவர்களின் தேவை குறித்து ஆலோசனை வழங்க, வெள்ளிக்கிழமை நடக்கும் கூட்டத்துக்குத் தங்கள் மனைவியாரை அன்புடன் அழைக்கிறோம். துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம்."

வெள்ளிக்கிழமை கிளம்பினோம். அந்த ஒருவர் நான்தான்.