கோழிகளுக்கு ஒரு சைலன்சர்

பல்லடத்துப் பக்கம் ஒருத்தன் பெரியமனுஷன் ஆகிவிட்டான் என்பதற்கு மூன்று அடையாளங்கள் உண்டு. சொந்த ஊடு, சொந்தக் கார், அந்தக் கார் வருவது அடுத்த ஊருக்குக் கேட்பது. முதல் இரண்டும் அப்பா புண்ணியத்தில் கிருபாசங்கருக்கு அமைந்துவிட்டன. மூன்றாவதுதான் காலை வாரியது.

டர்போ எஞ்சின் வைத்த கார் அது. மிதித்தால் பறக்கும், ஆனால் பூனை நடக்கிற மாதிரி சத்தமே இல்லாமல் பறக்கும். பெருமாநல்லூரில் ஒரு கலியாண மண்டப வாசலில் அவன் வந்து இறங்கியதை ஒரு சனமும் திரும்பிப் பார்க்கவில்லை. பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த பொண்ணு, "பஸ்ஸுலயா வந்தீங்ணா?" என்று வேறு கேட்டுவிட்டாள். அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. இறங்குமா பின்னே?

மறுநாளே கோயமுத்தூரில் அமீர் ஹம்சாவின் பட்டறையில் கார் ஏறி நின்றது.

"டர்போ இருக்குதுல்லங்க, அதுவே பாதிச் சத்தத்தை முழுங்கிப்போடும். மிச்சத்தை இந்த டப்பாவும் சைலன்சரும் முழுங்குது" என்று அமீர் ஹம்சா காருக்கு அடியில் படுத்தபடி விளக்கினார்.

"ஏனுங்க, அந்த டப்பா எதுக்குங்க?"

"புகையைச் சுத்தம் பண்ணுமுங்க."

"அதுல சத்தம் வருமுங்களா?"

"வராதுங்க."

"அப்புறம் என்னத்துக்குங்க அது? கழட்டிப்போடுங்க."

டர்போவுக்குப் பின்னால் இருந்த சாமான் அத்தனையும் கழன்றது. அகலக் குழாய் ஒன்று மாட்டி, கடைசியில் பால் சொம்பு அகலத்துக்கு இரண்டு வாய் வைத்தார்கள். பழசையெல்லாம் சாக்கில் கட்டிக் கொடுத்து, "பத்திரமா வெச்சுக்கங்க. ஆப்பீசர் புடிக்கறப்ப திருப்பி மாட்டோணும்" என்றார் அமீர் ஹம்சா. தொழில் தெரிந்த மனுஷன்.

கிருபாசங்கர் பெருமையோடு அப்பாவின் கோழிப்பண்ணை கேட்டில் வந்து நின்று எஞ்சினை ஒரு முறுக்கு முறுக்கினான். தகரச் செட்டில் இருந்த கோழிகள் உலகம் முடிந்தது என்று தீர்மானித்து அலறின. மறுநாள் முட்டை அட்டை பாதி காலி.

அப்பா செங்கோட்டையன் அதிகம் பேசுகிறவர் அல்ல. இடுப்பில் தொங்கிய பண்ணைச் சாவியை ஒரு தடவை தொட்டுக்கொண்டார். "கண்ணு, வர்ற அமாவாசையன்னிக்கு இந்தச் சாவியை உங்கையில குடுக்கலாம்னு இருந்தேன். அன்னிக்கு முட்டை பழையபடி இருக்கோணும். இல்லீன்னா சாவி கோபி மாப்பிள்ளைகிட்டப் போயிரும்."

கோபி மாப்பிள்ளை என்பவர் கிருபாசங்கரின் அக்கா புருஷன். வாழைத் தோப்புக்காரர். முட்டையையும் வாழைத்தார் கணக்கில் எண்ணக்கூடிய ஆள். அவர்கிட்டக் கைகட்டி நிற்பதா? ஆனால் குழாயைக் கழற்றவும் கிருபாசங்கருக்கு மனசு வரவில்லை.

கோழிப்பண்ணைகளில் ஒரு வழக்கம் உண்டு. நாள் முழுக்க ரேடியோ பாடவிடுவார்கள். சத்தத்துக்குப் பழகிய கோழி, வாளி விழுந்தாலும் மிரளாது. "கோழி எதுக்கும் பழகிப்போகும்" என்பதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடம். கிருபாசங்கர் கார் முழங்குவதைப் பதிவுசெய்து பென் டிரைவில் ஏற்றி, செட்டில் முதலில் மெதுவாகவும் அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டியும் ஓடவிட்டான். பழகின சாமி, பழகின! முழக்கம் கேட்டால்தான் முட்டை என்கிற அளவுக்குப் பழகிவிட்டன. அட்டைகள் நிரம்பின. அப்பாவின் முகமும் தெளிந்தது.

அந்தச் சமயத்தில்தான் மோட்டார் வாகன ஆய்வாளர் பாலகோபால் அவனை ரோட்டில் நிறுத்தினார். எந்த ஊர் ஆப்பீஸ் என்று கேட்காதீர்கள், நானும் வண்டி வைத்திருக்கிறேன்.

"வணக்கமுங்க. தங்கள் வாகனத்துல அங்கீகரிக்கப்படாத ஒலியெழுப்பும் உறுப்பு பொருத்தப்பட்டிருக்குதுங்க. பழசை மாட்டிக் கொண்டாந்து காட்டிப்போடுங்க."

கிருபாசங்கர் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். கோழி மேல் இருந்த பாசத்தில், "சார், பென் டிரைவுல இருக்கற சத்தத்தையாவது விட்டுருவீங்கல்ல?" என்று கேட்டுத் தொலைத்தான்.

"அங்கீகாரமில்லாத ஒலியோட நகலும் அங்கீகாரமில்லாததுதானுங்க" என்று பென் டிரைவையும் கேட்டுக் கை நீட்டினார் பாலகோபால். ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டான்.

சாக்கில் இருந்ததெல்லாம் திரும்பக் காருக்கு ஏறியது. பண்ணை அமைதியானது. கோழிகள் கேட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. முட்டை மட்டும் இல்லை. அமாவாசை நெருங்கியது. கோபி மாப்பிள்ளை எதற்கோ வந்தவர் மாதிரி வந்து, செட்டை அளவெடுக்கிற பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

கிருபாசங்கர் ஆப்பீசுக்கு ஓடினான். பாலகோபால் எழுந்து நின்று நாற்காலி போட்டார், டீ சொன்னார். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

"சார், சத்தம் இல்லாம கோழி முட்டை வெக்க மாட்டேங்குதுங்க."

"வருத்தமா இருக்குதுங்க. ஆனா சத்தம் எங்க துறை, கோழி கால்நடைத் துறை. ரெண்டுக்கும் நடுவுல ஃபைல் போறதுக்குப் பாதை இல்லீங்க."

"அப்ப எம் பொழப்புங்க?"

"பொழப்பு எந்தத் துறையிலயும் வராதுங்க."

ஆனாலும் பாலகோபால் இரக்கமுள்ளவர். விதிப் புத்தகத்தைப் புரட்டியவரின் முகம் திடீரென்று மலர்ந்தது. "விவசாயக் கருவி சத்தம் போடலாமுங்க! அந்தக் குழாயைக் கோழி வளர்ப்புக் கருவின்னு எழுதிப்போடறேன். ஒண்ணே ஒண்ணு, கருவி ரோட்டுக்கு வரப்படாது."

"குழாய் தனியாச் சத்தம் போடாதுங்களே. எஞ்சின் வேணும்."

"அப்ப எஞ்சினும் கருவிதானுங்க."

"எஞ்சின் காருக்குள்ள இருக்குதுங்க."

"அப்ப காரும் கருவிதானுங்க" என்று பாலகோபால் முத்திரையை எடுத்தார்.

ஆணை கையில் கிடைத்தது. "மேற்படி வாகனம், மேற்படி கோழிகளின் நலன் கருதி, சக்கரங்கள் சுழலாத நிலையில் முழங்க இதன்மூலம் அனுமதிக்கப்படுகிறது."

அகலக் குழாய் திரும்ப ஏறியது. கார் செட்டுக்கு எதிரே சிமென்ட் கல்லின் மேல் குடியேறியது. தினமும் விடியக்காலை கிருபாசங்கர் ஏறி உட்கார்ந்து முறுக்குவான். கோழிகள் கடமையைச் செய்யும். அமாவாசையன்று அப்பா சாவியை அவன் கையில் வைத்தார். அவன் கண் கலங்கிவிட்டது. சாவிக்காக என்று அப்பா நினைத்துக்கொண்டார்.

விஷயம் சும்மா இருக்குமா? 'கவர்மெண்டே அனுமதித்த சைலன்சர்' என்று பல்லடத்து இளவட்டங்கள் அத்தனை பேரும் விண்ணப்பித்தார்கள். பண்ணை இல்லாதவர்கள் கோழி வாங்கினார்கள். கோயமுத்தூர் அடுக்குமாடிகளில் கல் மேல் ஒரு கார், எதிரே கூண்டில் ரெண்டு கோழி என்பது அந்தஸ்தாகிவிட்டது. ஆப்பீசில் தனி ஜன்னல் திறந்து, கோழியின் முகம் தெளிவாகத் தெரியும்படி இரண்டு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ கேட்டார்கள். கோழியா நேராகப் பார்க்கும்? அதற்கும் ஒரு ஸ்டூடியோக்காரன் பிழைத்தான்.

இப்படி இருக்கையில் பெருமாநல்லூரில் இன்னொரு கலியாணம். அதே பொண்ணு பன்னீர் தெளித்தாள்.

"காரு எங்கீங்ணா?"

"முட்டை வெச்சுட்டிருக்குது அம்மணி" என்றான் கிருபாசங்கர்.

பந்தியில் பக்கத்து இலை பாலகோபாலுடையது. பாயசம் வரைக்கும் காத்திருந்து, மெதுவாகக் காதோரம் குனிந்தார். "ஏனுங்க, நல்ல கோழியா ரெண்டு கெடைக்குமுங்களா? பையன் டர்போ வாங்கியிருக்கான்."

"அதுக்கென்னங்க, குடுத்துப்போடலாம். உங்க வண்டி?"

"பையன் அதையும் கல்லு மேல ஏத்திப்போட்டானுங்க. பஸ்ஸுலதான் வந்தேன்."

இருவரும் சேர்ந்தே பஸ் ஏறினார்கள். வழி முழுக்க ஒரே கூட்டம். வேற வண்டி யாரிடம் இருக்கிறது? டிரைவர் ஏர் ஹாரனில் கை வைத்தவர் எடுக்கவே இல்லை. ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. ஒருத்தரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. முன்சீட்டில் அம்மா மடியில் இருந்த கைக்குழந்தை மட்டும் துடித்து அலறியது.

பாலகோபால் நிஜமாகவே பதறிப்போனார். "ஐயோ பாவம், கொழந்தை ஏனுங்க இப்படி அழுகுது?"

கிருபாசங்கர் இடுப்புச் சாவியைத் தொட்டுக்கொண்டான்.

"ஊருக்குப் புதுசுங்க. பழகிப்போகும்."