மாத்தாள் சுட்ட தோசை

பழைய தஞ்சாவூர் ஜில்லாவில் அந்த மனிதர் கெடுக்காத தொழில் கிடையாது. பாபநாசத்துப் பேக்கரியில் அவர் போட்ட பன் கைதவறி விழுந்தால் தரைக்குத்தான் ஆபத்து. கும்பகோணத்துத் தையல்கடையில் ஒரு சட்டைக்கு இரண்டு பக்கமும் காஜா எடுத்துவிட்டு, பட்டன் தைக்க இடம் தேடிக்கொண்டிருந்தார். திருக்கடையூரில் ஓர் அறுபதாம் கல்யாணப் பந்தியில் அத்தனை இலைக்கும் நுனியை வலப்பக்கமாக வைத்துவிட்டார். மாப்பிள்ளைகள் கோபித்துக்கொண்டு கோயில் வாசலில் போய் உட்கார்ந்துவிட்டார்கள்.

பெயர் என்னவோ இருந்தது. எங்களுக்கு அவர் மாத்தாள். நடவுக்கு வர வேண்டியவருக்கு முடியாவிட்டால் பதிலுக்கு வீட்டிலிருந்து வேறொருவரை அனுப்புவார்களே, அந்த மாத்தாள். மனநலம் பாதிக்கப்பட்டவர்களுக்கு வேலை தேடிக் கொடுப்பது அவருடைய உத்தியோகம். தேடிக் கொடுத்ததோடு விடமாட்டார். அவர்களில் யாருக்காவது நடுவில் முடியாமல் போனால், வேலை கைவிட்டுப் போகாமலிருக்க அந்த இடத்தில் தானே போய் நிற்பார்.

நான் கல்லாவில் உட்கார்ந்திருந்த டிபன் ஓட்டலுக்கு ரவியைக் கூட்டிவந்தவர் அவர்தான். காதில் யாரோ பேசுவதுபோல் கேட்கும் நோய் ரவிக்கு. மாத்திரையில் அது அடங்கியிருந்தது. தோசைக்கல்லை அவனிடம் விட்டுவிட்டு முதலாளி நிம்மதியாக பேப்பர் படிப்பார். ஒரு வைகாசியில் நோய் மறுபடி தலைதூக்கியது. டாக்டர் மாத்திரையை மாற்றி, கொஞ்ச நாள் ஓய்வு என்றார். முன்பு வேலை பார்த்த இடங்களிலெல்லாம் இப்படி ஒரு லீவில்தான் ரவிக்கு வேலை போயிருந்தது.

முதலாளி கெட்டவர் இல்லை. "பட்டுக்கோட்டையில ஒரு மாஸ்டர் இருக்கான். முகூர்த்தமெல்லாம் முடிஞ்சதும் வர்றேன்னுட்டான். ரவி உடம்பைப் பாத்துக்கட்டும், பாவம்" என்றார்.

"அதுவரைக்கும் நான் நிக்கிறேங்க" என்றார் மாத்தாள்.

"உங்களுக்கு தோசை சுடத் தெரியுமா?"

"கல்லு இருக்கு, மாவு இருக்கு. அப்புறம் என்னங்க?"

மறுநாள் காலை அவர் சுட்ட முதல் தோசைக்கு மூன்று மூலை இருந்தது. தினமும் வரும் தாலுகா ஆபீஸ் அம்மா தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏங்க, இது தோசையா, ஊத்தப்பமா?"

"உங்களுக்கு எது பிடிக்குமோ அப்படியே வச்சுக்குங்க!"

தின்னவே முடியாது என்றும் சொல்ல முடியாது. ரவியை நினைக்காமல் தின்ன முடியாது, அவ்வளவுதான். ஒரு வாரத்தில் கல்லாவுக்கு வந்தவர்களெல்லாம் மீதிச் சில்லறையைக்கூட மறந்துவிட்டு, "ரவி எப்ப வருவான்?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். உள்ளேயிருந்து மாத்தாள் குரல் கொடுப்பார்: "வந்துருவான்ங்க! புது மாத்திரை ஒத்துக்கிட்டதும் வந்துருவான்!"

முகூர்த்தம் முடிந்து பட்டுக்கோட்டையிலிருந்து போன் வந்தது. முதலாளி கல்லையும், கல்லில் புகைந்துகொண்டிருந்ததையும், முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்த தாலுகா ஆபீஸ் அம்மாவையும் பார்த்தார்.

"வேணாம் தம்பி. நம்ம ரவி வந்துருவான்" என்று போனை வைத்துவிட்டு, நேரே ரவி வீட்டுக்கு வண்டியை விட்டார். நானும் பின்னால் உட்கார்ந்து போனேன். புது மாத்திரையால் காலையில் தூக்கம் தூக்கமாக வருகிறது என்று ரவி தயங்கினான்.

"அப்ப சாயங்கால டிபனுக்கு வா. காலையில நானே நின்னுக்கறேன். அந்த மனுஷனை மட்டும் கல்லுகிட்டேருந்து கூட்டிட்டுப் போயிடுடா!"

ரவி சிரித்தான். அந்த வருஷம் அவன் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். இன்றும் சாயங்கால டிபன் அவனுடையதுதான்.

போன மாதம் என் பெண் கல்யாணத்துக்கு அழைக்க, சுவாமிமலையில் மாத்தாள் வீட்டுக்குப் போனேன். சாப்பிடாமல் விடவில்லை. அவரே தோசை வார்த்தார். சன்னமாய், வட்டமாய், ஓரமெல்லாம் சிவந்து, நெய் மணக்க ஒரு முறுகல் என் தட்டில் வந்து விழுந்தது. வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"ரவிகிட்ட சொல்லிடாதீங்க" என்றார், கல்லைத் துடைத்தபடி. "அவன் தோசைக்காகத்தான் ஊரே காத்துக்கிட்டிருந்துச்சுன்னு இன்னமும் சொல்லிக்கிட்டிருக்கான்."

"அப்போ அந்தத் திருக்கடையூர் இலை?"

மனிதர் முகம் சிவந்துவிட்டது. "அது மட்டும் நெசமாவே தெரியாதுங்க."

கல்யாணத்தில் முதல் பந்திக்கு இலை போட அவரைத்தான் வரச் சொல்லியிருக்கிறேன். நுனி எந்தப் பக்கம் இருந்தாலும் சரி.