உங்கள் ஸ்கூட்டரில் ஏறாத குற்றத்துக்காக

பாகூர்,
வெள்ளிக்கிழமை.

சேலியமேடு விஜயராஜ் சம்பந்தி அவர்களுக்கு, பெண்ணைப் பெற்ற அரங்கநாதன் இரு கையும் கூப்பி எழுதுவது. இங்கு என் மனைவி தனக்கொடி நலம். மணப்பெண் செல்வகுமாரி நலம். நான் நலமா என்பதை இக்கடிதம் சொல்லும். தாங்கள் நலம் என்றே நம்புகிறேன். எட்டு நாளாகப் போனை எடுக்காததால் உறுதியாகத் தெரியவில்லை.

கல்யாணப் பத்திரிகை தங்கள் ஒரு வார்த்தைக்காக அச்சுக்குப் போகாமல் கிடக்கிறது. கோபம் எதற்கென்று எனக்குத் தெரியும். போன வியாழக்கிழமை ஏரிக்கரையில் தாங்கள் புது ஸ்கூட்டரை நிறுத்தி, "ஏறுங்க சம்பந்தி" என்றீர்கள். "வண்டியில பின்னால உக்காந்தா எனக்குத் தலை சுத்தும்" என்றேன். அடுத்த ஐந்தாவது நிமிடம் மீன்கார மாரிமுத்துவின் மொபெட்டில், ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்து, தங்களையே முந்திக்கொண்டு போனேன். போதாக்குறைக்குக் கையை வேறு ஆட்டினேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சர்க்கரை. தெரிந்தால் சம்பந்தம் கலைந்துவிடுமே என்று பயந்து மறைத்தேன். டாக்டரம்மா சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் நடக்கச் சொன்னார். "நான் கழனி வேலை செய்யறவன்மா" என்றேன். "வரப்புல வண்டிய நிறுத்திட்டு, கொடை புடிச்சிக்கினு நிக்கறது வேலை இல்ல ஐயா. நடந்தாத்தான் சதை சர்க்கரைய இழுத்துக்கும்" என்றார். நடந்தேன். நம் ஊரில் ஒரு மனுஷன் காரணமில்லாமல் நடக்க முடியுமா, சம்பந்தி? முதல் நாளே மூன்று வண்டிகள் நின்றன. "இன்னாண்ணே, வூட்ல சண்டையா?" என்றார் ஒருவர். "எந்த வூட்ல சாவு?" என்றார் இன்னொருவர். மூன்றாமவர் கேள்வியே கேட்காமல் கையைப் பிடித்து ஏற்றிக்கொண்டார். ஏற்றியவர் சும்மா விடுவாரா, டீக்கடையில் நிறுத்தி, "அண்ணனுக்குச் சர்க்கரை தூக்கலா ஒண்ணு" என்று சொல்லி, பன் ஒன்றையும் கையில் திணித்தார். தினமும் இதே கதை. மாதக் கடைசியில், வெறும் வயிற்றில் நூற்றெண்பது இருந்தது இருநூற்றுப் பத்தாகிவிட்டது. "நடக்கறீங்களா?" என்று கேட்டார் டாக்டரம்மா. "தினமும் கிளம்பறேன்மா" என்றேன். அதில் பொய்யில்லை.

தனக்கொடி கொதித்துவிட்டாள். "இன்னொருத்தன் வண்டியில ஏறினா அவன் வூட்லயே சோறு துன்னுக்கோ" என்றாள். ஆகவே என் கரும்புக்குள் நடந்தேன். பன்றி என்று நினைத்து என் ஆளே வெடி கொளுத்திப் போட்டார். அன்று மட்டும் டாக்டரம்மா சொன்னதற்கு மேலேயே ஓடினேன். பிறகு ஏரிக்கரைக்கே திரும்பி, வண்டிச் சத்தம் கேட்டால் புதருக்குள் உட்கார்ந்துகொண்டேன். நாலே நாளில் எனக்கு வயிற்றுப்போக்கு என்று ஊரெல்லாம் பேச்சு. சொந்தக்காரர்கள் ஆறு பேர் குளுக்கோஸ் பாக்கெட்டோடு வந்து, நான் கரைத்துக் குடித்து முடிக்கும் வரை எழுந்திருக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் தாங்கள் வந்தீர்கள். புதருக்குள் போவதற்குள் பார்த்துவிட்டீர்கள். மாரிமுத்து வண்டியில் நானாக ஏறவில்லை. பேசிக்கொண்டே என்னைத் தூக்கிப் பெட்டிமேல் வைத்துவிட்டார்.

என் சர்க்கரைக்காக என் மகளைத் தண்டிக்காதீர்கள். அந்தப் பத்திரிகை மாதிரியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள், எனக்குப் பார்க்கத் தாங்கவில்லை. இனித் தாங்கள் மாட்டுவண்டியில் வந்தாலும் ஏறிக்கொள்கிறேன்.

மூலநாதர் தங்கள் குடும்பத்தையும் ஸ்கூட்டரையும் காப்பாற்றட்டும்.

தங்கள் மன்னிப்புக்குக் காத்திருக்கும்,
அரங்கநாதன்

பின்குறிப்பு: கையெழுத்து ஆடுவதற்குப் பொறுக்கவும். கடிதத்தை நடந்தே வந்து கொடுக்கக் கிளம்பினேன், மாரிமுத்து விடவில்லை. ஓடும் மொபெட்டில் அவர் முதுகில் வைத்து இதை எழுதுகிறேன். இப்போது சொல்கிறார்: "உங்க சம்பந்திக்கும் சுகர்தாண்ணே. ஒரு வாரமா நடக்கறாரு. பொண்ணு வூட்டுக்குத் தெரியக்கூடாதாம், பேசினா உளறிடுவோம்னு உங்க போன எடுக்க மாட்டேங்கறாரு. பாவம், தெனம் பாதி வழியில நான்தான் ஏத்திக்கினு போய் வூட்ல வுடறேன்." இவ்வளவு பெரிய விஷயத்தை மறைத்துப் பெண் கேட்டு வரலாமா, சம்பந்தி? மேலே கேட்ட மன்னிப்பு அத்தனையும் வாபஸ். பத்திரிகை இன்றே அச்சுக்குப் போகிறது. அதோ, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கை வீசி வருவது தாங்கள்தான். மாரிமுத்து பிரேக் பிடிக்கிறார். ஏறாதீர்கள்.