நான்கு சைக்கிளும் ஒரு கீறல் இல்லாமல்

மெக்கினா சிட்டி படகுத்துறை,
வெள்ளிக்கிழமை மதியம்.

என் மனைவியின் அண்ணனும், ஏரிக்கரை வீட்டின் அதிபரும், மோட்டார் படகின் தலைவருமான திரு. டர்க் ஸ்லாக்டர் அவர்களுக்கு, தங்கை கணவன் கெரிட் எழுதிக்கொண்டது. நானும் மார்லிஸும், பிள்ளைகள் பிராமும் ஆனிகாவும் நலம். நீங்களும் வீட்டாரும் நலமாயிருக்கப் பிரார்த்திக்கிறேன். படகும் நலம்தானே. மார்லிஸ் உங்களிடம் இரவல் வாங்கிய பழுப்புத் தோல் பெட்டி, உங்கள் பெயரும் போன் நம்பரும் பொறித்த பித்தளை வில்லையோடு, எங்கள் வண்டியின் பின்பகுதியில் சௌக்கியமாக இருக்கிறது. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள். கடிதத்தில் அந்த வசதி உங்களுக்கு இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நான் ஜெயித்துவிட்டேன். போன வருடம் பின்கதவில் பெல்ட் போட்டுக் கட்டும் அந்தப் பாழாய்ப்போன சைக்கிள் தாங்கி நடுவழியில் அவிழ்ந்து, மார்லிஸின் பச்சைச் சைக்கிள் ரோட்டில் உருண்டு, பின்னால் வந்த பால் லாரி அதன் மேல் ஏறி இறங்கிய கதையை நவம்பர் மாத நன்றியறிதல் விருந்தில் வான்கோழியை அறுப்பதற்கு முன்பே நீங்கள் மேஜைக்கு மேஜை போய் நடித்துக் காட்டினீர்களே, அது எனக்கு மறக்கவில்லை. லாரியின் சத்தத்தைக்கூட வாயால் போட்டுக் காட்டினீர்கள். அன்றைக்குத்தான் மார்லிஸ் எல்லார் முன்னாலும் நிபந்தனை விதித்தாள். "இந்த ஆகஸ்ட்ல நாலு சைக்கிளும் ஒரு கீறல் இல்லாம தீவுப் படகுத்துறைக்குப் போய்ச் சேரணும். சேர்ந்தா வருஷா வருஷம் சைக்கிள் பயணம்தான். சேரலன்னா எங்க அண்ணன் ஏரி வீடுதான், பேச்சே கிடையாது." நீங்கள் அப்போதே எங்களுக்கான அறையின் சாவியை எடுத்து மேஜையில் வைத்தீர்கள். ஆயுள் முழுக்க ஆகஸ்ட் மாதங்களில் உங்கள் படகில் உட்கார்ந்து உங்கள் பேச்சைக் கேட்பது என்ற அந்த எதிர்காலம் என் கண்முன் விரிந்தபோது என் தொண்டையில் வான்கோழி இறங்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், மூன்று மாதம் எனக்குத் தூக்கமே இல்லை.

ஆகவே படித்தேன். டிரெய்லர் இழுப்பதற்காக வண்டியின் அடியில் இருக்கிற சதுரத் துளையில் செருகும் தாங்கிதான் நல்லது என்று முடிவு செய்தேன். முதலில் வாங்கியது எங்கள் துளைக்குள் நுழையவில்லை, துளை சிறியது, தாங்கியின் தண்டு பெரியது. "வாங்குறதுக்கு முன்னாடி அளந்து பார்க்கமாட்டீங்களா?" என்று மார்லிஸ் கேட்டாள். அளந்தேன், ஆனால் பக்கத்து வீட்டு வண்டியை அளந்துவிட்டேன், இரண்டும் ஒரே வெள்ளை. அதைத் திருப்பிக் கொடுத்து, சைக்கிளைத் தொங்கவிடுகிற ரகம் ஒன்று வாங்கினேன். அதில் மார்லிஸின் புதுச் சைக்கிளைத் தொங்கவிட முடியவில்லை, பெண்கள் சைக்கிளுக்குத்தான் நடுவில் கம்பி கிடையாதே. போதாக்குறைக்கு மற்ற மூன்றும் ஒன்றையொன்று பிராண்டிக்கொண்டு தெருப்பூனைகள் மாதிரி நின்றன. அதையும் திருப்பிக் கொடுத்தேன். கடைக்காரன் என்னைக் கண்டதும் ரசீது கேட்காமலே கையை நீட்டும் நிலைக்கு வந்துவிட்டான். மூன்றாவதாக வாங்கியது தட்டு வைத்த ரகம். ஒவ்வொரு சக்கரமும் தன் தட்டில் உட்காரும், மேலே ஒரு கொக்கி வந்து கழுத்தைப் பிடித்துக்கொள்ளும். இதிலே உள்ள விசேஷம் என்னவென்றால், ஒரு பிடியை இழுத்தால் நான்கு சைக்கிளோடும் தாங்கி முழுசாகப் பின்னால் சாய்ந்து கொடுக்கும், பின்கதவைத் தாராளமாகத் திறந்து சாமானை எடுக்கலாம். ஒரு சைக்கிளையும் இறக்க வேண்டாம். டர்க், இப்படி ஒரு பொருளைக் கண்டுபிடித்தவன் நிச்சயம் மைத்துனர் உள்ளவன்.

இன்று காலை நாங்கள் எங்கள் ஊரான ஹட்சன்வில்லை விட்டுக் கிளம்பியபோது தெருவே பார்த்தது. நான்கு சைக்கிளும் பின்னால் நிமிர்ந்து நிற்க, பின்கண்ணாடியில் சைக்கிளைத் தவிர ஒன்றுமே தெரியவில்லை. எனக்கு அது போதும், வேறெதையும் பார்க்க ஆசையும் இல்லை. காடிலாக் ஊரைத் தாண்டி ஓர் ஓய்விடத்தில் நிறுத்தினோம். பக்கத்தில் ஒஹாயோ வண்டி ஒன்று. பாவம், தொங்கவிடும் ரகம். உள்ளே இருக்கிற ரொட்டியை எடுக்க அந்த மனிதர் சைக்கிள்களை ஒவ்வொன்றாக இறக்கிப் புல்லில் போட்டுக்கொண்டிருந்தார், அவர் மனைவி அவரைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நேராக எங்கள் வண்டியின் பின்னால் போனேன். பிடியை இழுத்தேன், சாய்த்தேன், பின்கதவைத் திறந்தேன், ஹாம் வைத்த பன் டப்பாவை எடுத்தேன். அவர் வாயைப் பிளந்துவிட்டார். "சார், இன்னொரு தடவை செஞ்சு காட்டுங்க," என்றார். காட்டினேன். "எம் பொண்டாட்டி பார்க்கல சார், இன்னொரு தடவை," என்றார். மறுபடி காட்டினேன், கடைசி முறை பின்கதவை ஒரே ஒரு விரலால் மெல்லத் தள்ளிச் சாத்தி, பலமே தேவையில்லை என்பதையும் விளக்கி, தாங்கியை நிமிர்த்தி, அவர் கையைக் குலுக்கிவிட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுக்காத குறையாக வண்டியைக் கிளப்பினேன்.

அதற்கப்புறம் வழிநெடுக நடந்ததுதான் என் வாழ்க்கையிலேயே பெரிய மரியாதை. எங்களைத் தாண்டிப்போன ஒவ்வொரு வண்டியும் ஹார்ன் அடித்தது. ஜன்னலை இறக்கிக் கையை ஆட்டினார்கள், பின்னால் பின்னால் என்று சுட்டிக்காட்டிப் பாராட்டினார்கள். நானும் விடாமல் கையை ஆட்டினேன், தோள்பட்டை வலிக்கிறது. பிக்கப் வண்டியில் வந்த ஒரு வயதான அம்மாள் நீலக் கட்டம் போட்ட கொடி ஒன்றைத் தூக்கிப் பிடித்து ஆட்டிக்கொண்டே ஒரு மைல் தூரம் எங்கள் பக்கத்திலேயே வந்தாள். எந்த அணியின் கொடி என்று தெரியவில்லை, ஆனாலும் நான் தொப்பியைக் கழற்றி வணங்கினேன். என் முன்னால் ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எங்கள் வண்டியில் எந்த விளக்குதான் எரிவதில்லை, அதனால் நான் பொருட்படுத்தவில்லை. மார்லிஸுக்குத்தான் குறை சொல்லாவிட்டால் பொழுது போகாதே.

"ஏங்க, எங்கிருந்தோ காத்து வருது."

"வடக்கே போறோம்ல, காத்து வரத்தான் செய்யும்."

"அப்பா, குளுருது. என் ஸ்வெட்டர் எங்க?" என்றாள் ஆனிகா.

"பின்னால பையில இருக்கும்மா. போய்ச் சேர்ந்ததும் எடுத்துத் தரேன்."

சேர்ந்தோம். படகுத்துறை ஆள் நான்கு சைக்கிளையும் இறக்கி வாங்கிக்கொண்டார். மார்லிஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கம்பியாக விரலால் தடவிப் பார்த்தாள், பெயின்ட் ஒரு பொட்டுகூடப் போகவில்லை. "சரிங்க, ஒத்துக்கறேன். நல்லாத்தான் கொண்டுவந்திருக்கீங்க," என்றாள். கல்யாணமாகிப் பதினேழு வருடத்தில் முதல்முறை, டர்க். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மூக்கைச் சிந்துவதுபோல் சமாளித்தேன். இப்போது அவளும் பிள்ளைகளும் இறைச்சி வைத்த பேஸ்டி வாங்கப் போயிருக்கிறார்கள். அவர்கள் வந்ததும் பைகளை இறக்கிக்கொண்டு அடுத்த படகில் தீவுக்குப் போகிறோம். அங்கே மோட்டார் வண்டியே கிடையாது, குதிரையும் சைக்கிளும்தான். மோட்டார் படகுக்காரர்களின் பேச்சும் அங்கே கேட்காது. அந்த அறைச் சாவியை நீங்கள் இனிமேல் வேறு யாருக்காவது தாராளமாகக் கொடுக்கலாம்.

கர்த்தர் உங்களையும் உங்கள் வீட்டையும் உங்கள் படகின் என்ஜினையும் ஆசீர்வதிப்பாராக. பிள்ளைகள் மாமாவுக்கு முத்தம் அனுப்புகிறார்கள். அண்ணன்மேல் மார்லிஸுக்கு எப்போதும் உள்ள பாசம் அப்படியே இருக்கிறது, என் பாசமும் இருக்கிற அளவில் இருக்கிறது.

இப்படிக்கு,
வெற்றி பெற்ற
கெரிட் வான்டர்கோல்க்

பி.கு: இப்போதுதான் மார்லிஸ் வந்து பின்கதவைத் திறந்தாள். திறந்தாள் என்று சொல்வதுகூடச் சரியில்லை, அது காடிலாக்கிலிருந்தே தாழ் விழாமல் திறந்துதான் இருந்திருக்கிறது. உள்ளே டயருக்குக் காற்றடிக்கும் பம்பும் பன் டப்பாவின் மூடியும்தான் மிச்சம். அந்த அம்மாள் ஆட்டியது கொடி அல்ல, என் பைஜாமா. உங்கள் பெட்டியை வழியில் கண்டெடுத்த ஒரு நல்ல மனிதர், வில்லையைப் பார்த்து உங்களுக்குப் போன் செய்துவிட்டாராம். நீங்கள் மார்லிஸுக்குப் போன் செய்துவிட்டீர்களாம். அதாவது இந்தக் கடிதத்தை நான் எழுதிக்கொண்டிருந்த நேரமெல்லாம் உங்களுக்கு எல்லாம் தெரியும். ஆனாலும் கிழித்துப் போடமாட்டேன். மேலே எழுதியதில் சைக்கிள்களைப் பற்றியது ஒவ்வொரு சொல்லும் சத்தியம், நிபந்தனையில் பெட்டியைப் பற்றிப் பேச்சே இல்லை. மார்லிஸும் அதை நியாயமாக ஒப்புக்கொண்டாள். தீர்ப்பை அவள் வாயாலேயே எழுதுகிறேன்: "சொன்ன சொல் சொன்னதுதான். வருஷா வருஷம் சைக்கிள்லதான் வருவோம். ஆனா இனிமே எங்க அண்ணனும் கூட வருவாரு, பின்கதவை அவருதான் சாத்துவாரு." ஆகவே அடுத்த ஆகஸ்டுக்கு ஐந்து சைக்கிள் ஏறுகிற தாங்கியாகப் பார்க்க வேண்டும். உங்கள் சைக்கிளை அளந்து அனுப்பவும்.