மாப்பிள்ளையின் நெருப்பும் என் அறையும்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் இருக்கிறேன். நீயும் இருப்பாய்; இல்லையென்றால் இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள். உன் வீட்டுக்காரியின் முட்டிவலி தேவலையா என்று கேட்டதாகச் சொல்.

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு யாரும் ‘நான் அங்கே இல்லவே இல்லை’ என்று சாதிக்கக் கூடாது. போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு என் அறையில் இருந்தவர்கள்: கட்டில் மேல் நான். ஜன்னலோரம் மாப்பிள்ளை, மூக்குக் கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி போட்டுக்கொண்டு. கதவருகே என் மகள், கையில் ஒரு வாளித் தண்ணீர். கீழ்வீட்டு டைலர், சண்டை போட வந்தவர், வேடிக்கை பார்க்க நின்றுவிட்டார். தச்சர், காதில் பென்சிலோடு. ஆக ஐந்து பேர்.

எல்லாவற்றுக்கும் ஆரம்பம் நீதான். மாப்பிள்ளை ரிட்டயர் ஆன அன்று எல்லோரும் கடிகாரம், பேனா என்று கொடுத்தபோது நீ மட்டும் அந்தக் கேஸ் டார்ச்சைக் கொடுத்தாய். கைக்கு அடக்கமான டப்பா, தலையில் வளைந்த மூக்கு, திருகினால் நீல நெருப்பு. அதை வைத்துக்கொண்டு பென்சில் தடிமன் பித்தளைக் குழாய்களை ஒன்றோடொன்று பற்றவைத்து, நீராவியில் ஓடுகிற குட்டிப் படகு செய்யப்போகிறாராம். தபால் ஆபீஸில் முப்பத்தாறு வருஷம் முத்திரை குத்திய கை அது. ஒரே குத்தில் வேலை முடிந்தாக வேண்டும் அந்தக் கைக்கு. நெருப்பு வேலை அப்படியா? சமையலறையில் ஆரம்பித்தார். முதல் வாரத்திலேயே மகளுடைய புது பிளாஸ்டிக் கூடை இடுப்பொடிந்து தரையில் உட்கார்ந்தது. பற்றவைத்த குழாய் கருத்துப்போகும், அதை எலுமிச்சை உப்புக் கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டால் பளிச்சென்று ஆகும். எதில் ஊறப்போட்டார் தெரியுமா, என் டம்ளரில். எங்கே வைத்தார், என் மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில். எனக்கு எலுமிச்சைத் தண்ணீர் பிடிக்கும் என்பது இந்த வீட்டுப் பல்லிக்கும் தெரியும். உதடு வரை கொண்டுபோய்விட்டேன், மூக்கில் குழாய் இடித்ததால் பிழைத்தேன். “அத்தை, அது குடிக்கிறதில்லை” என்கிறார், அதுவும் நான் கீழே வைத்த பிறகு. காலண்டரில் தேதியை மட்டும் வட்டம் போட்டு வைத்தேன்.

அடுத்த வட்டம் பதினாலாம் தேதி. ஒரு குழாயின் ஒரு முனையில் மூடி வைத்துப் பற்றவைத்து அடைத்தவர், காற்றுப் போக ஒரு துளைகூட விடாமல் மறு முனையையும் அடைத்துச் சுட்டார். மூடி போட்ட பானையை ஒரு நாள் அடுப்பில் வைத்தவளுக்குத் தெரியும் உள்ளே என்ன நடக்கும் என்று. படார் என்று மூடி பறந்தது, கூடத்தைத் தாண்டி என் அறைக்குள் வந்து என் முகம் பார்க்கும் கண்ணாடியை உடைத்தது. பக்கத்திலேயே நின்ற ஃபிரிட்ஜுக்கு ஒரு கீறல் இல்லை. அத்தனை திசை இருக்க என் திசைக்கு எப்படி வரும்? அந்தச் சத்தத்தில் கீழ்வீட்டு டைலர் யாரோ ஒருவருடைய சட்டைக் காலரைக் கோணலாக வெட்டிவிட்டார். அன்றிலிருந்து அவரும் நம் விஷயத்தில் ஒரு ஆள்.

இது என்னைக் கிளப்பத்தான் என்று தச்சர் வந்தபோதுதான் உறுதியாயிற்று. இந்த வீட்டில் என் அறைக்கு மட்டும்தான் சிமென்ட் தரை, இரண்டு பக்கமும் ஜன்னல், புகை தங்காது. வந்த மனுஷன் என் கட்டிலைச் சுற்றி டேப்பை இழுத்தார்.

“என்னப்பா அளக்கற?”

“மேசைக்குத்தான் பாட்டி. இந்தச் சுவர்லேர்ந்து அந்தச் சுவர் வரைக்கும் நீளமா ஒண்ணு வேணுமாம்.”

“அப்ப கட்டில் எங்க போகும்?”

“அதை நான் கேக்கலை பாட்டி.”

அவர் கேட்காவிட்டால் என்ன, நான் என்னையே கேட்டுக்கொண்டேன். கட்டில் எங்கே போகிறதோ அங்கேதானே நானும். நீயே சேர்த்துப் பார்: டம்ளர், மூடி, மேசை. மாப்பிள்ளை வீடு, அவர் போ என்றால் எந்தச் சட்டத்தைக் காட்டுவேன்? அதனால் இருபத்தொரு நாள் சமையலறைக் கதவிடுக்கில் நின்று அவர் செய்வதை ஒன்று விடாமல் பார்த்தேன். நாளைக்குச் சாட்சி சொல்ல வேண்டியிருக்குமே.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை, குழாயை வைத்துச் சுடுகிற சூளைக்கல்லைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கே வந்துவிட்டார். “அங்க புகை மண்டுது அத்தை, ஒரு பத்து நிமிஷம்” என்றார். பத்து நிமிஷம் எவ்வளவு நீளும் என்று எனக்குத் தெரியாதா? நீ ஒரு தடவை இரண்டு நாள் என்று வந்து பதினோரு மாசம் இருந்தாய். பின்னாலேயே தச்சர், மேசைக்குப் பலகை எந்தத் தடிமன் என்று கேட்க. அவருக்குப் பின்னால் டைலர்: “இன்னைக்கும் வெடிக்குமான்னு சொல்லிடுங்க சார், கத்திரியைக் கீழ வச்சுட்டு வர்றேன்.”

மாப்பிள்ளை குழாயில் வெள்ளைப் பசையைத் தடவினார். உருகி ஒட்டுகிற, வெள்ளி கலந்த கம்பியை எடுத்தார். நெருப்பைக் கம்பிக்குக் காட்டினார். கம்பி உருகி உருண்டை உருண்டையாகக் கல்லில் விழுந்தது, குழாயில் ஒரு பொட்டும் ஒட்டவில்லை. மறுபடி காட்டினார், மறுபடி விழுந்தது. டைலர் குனிந்து பார்த்து, “பட்டன் மாதிரி அழகா விழுது சார், துளை மட்டும் போட்டுட்டா நானே வாங்கிக்குவேன்” என்றார். மூன்றாவது தடவை என் வாய் என்னைக் கேட்காமல் திறந்தது.

“கம்பிக்கு எதுக்குக் காட்டறீங்க? குழாயைச் சுடுங்க. எது தடிமனோ அதுக்கு முதல்ல காட்டுங்க. குழாய் சுட்டா கம்பி தானா ஓடும்.”

“அம்மா, நீ சும்மா இரு.”

“இருபத்தொரு நாளா சும்மாதான்டி இருந்தேன்.”

மாப்பிள்ளை டார்ச்சை என் பக்கம் நீட்டினார். “நீங்களே காட்டுங்க அத்தை.”

“அவங்களுக்குக் கை நடுங்கும்” என்றாள் மகள்.

நடுங்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நெருப்பை ஒரே இடத்தில் நிறுத்தினால் மெல்லிய குழாய் ஓட்டையாகிவிடும், அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அவர் கை முத்திரை மாதிரி ஓரிடத்தில் குத்தி நிற்கும். என் கை தானாக அசைந்தது. பசை வெள்ளையாகப் பொங்கியது, அடங்கியது, கண்ணாடிபோல் தெளிந்தது. குழாய் மங்கலாகச் சிவந்தது. “இப்ப வைங்க கம்பியை” என்றேன். வைத்தார். சுட்ட சட்டியில் எண்ணெய் ஓடுவதுபோல் குழாயைச் சுற்றி ஒரே ஓட்டமாக ஓடி, பின்பக்கம் போய் ஒட்டிக்கொண்டது. மகள் வாளியைக் கீழே வைத்தாள்.

“இனிமே டார்ச் உங்ககிட்டதான் அத்தை. நீங்க இந்த ரூமை விட்டு எங்கேயும் போகக் கூடாது” என்றார் மாப்பிள்ளை.

இங்கேதான் தம்பி, கவனி. போகக் கூடாது என்று ஒருவர் எப்போது சொல்வார்? போகச் சொல்லலாமா என்று எங்கோ பேச்சு நடந்திருந்தால்தானே? என் வாயைக் கிளறி, தொழிலைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றே கம்பியைச் சுட்டாரோ? தெரிந்துகொண்ட மறுநாள் கட்டில் வெளியே போகுமோ? எனக்கு இந்த வீட்டில் ஒரே துணை என் மகள். பச்சைக் குழந்தை மனசு அவளுக்கு, எனக்காகத்தான் வாளியோடு நின்றாள். நீ புதன்கிழமையே புறப்பட்டு வா. மேசை யார் யோசனை என்று மாப்பிள்ளையை முகத்துக்கு நேரே கேள். டார்ச்சைத் திரும்ப வாங்கிக்கொண்டு போ. அவர் சிரித்துப் பேசினால் ஏமாறாதே, நன்றாகச் சிரிப்பார்.

நீயும் உன் வீட்டுக்காரியும் நோய்நொடி இல்லாமல், யாருக்கும் நெருப்பைப் பரிசாகக் கொடுக்காமல், நூறு வயசு இருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கும் என் ஆசீர்வாதம் உண்டு, பாதி.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: புதன்கிழமை வராதே. கவர் ஒட்டப் பசை கேட்கப் போன இடத்தில், யாருக்குக் கடிதம் என்று மகள் கேட்டாள், உனக்கு என்றேன், முகம் வெளுத்துவிட்டது. “மேசை என் யோசனைதான்மா. சமையலறைல நெருப்பைக் கக்கிட்டு நின்னா நான் எங்க சமைக்கறது? நீ ஒரு ஆறு மாசம் மாமா வீட்ல இருந்துட்டு வரலாம்னு நினைச்சேன், மாமாவும் சரின்னுட்டார்” என்றாள். அத்தை அறை என்றால் எனக்குப் படகே வேண்டாம் என்று சொன்னவர் மாப்பிள்ளையாம். கம்பியை வேண்டுமென்றே சுடவில்லையாம், அவருக்கு உண்மையிலேயே வராதாம். மேலே அவருக்குச் சொன்ன பாதி ஆசீர்வாதத்தை முழுசாக ஆக்கிக்கொள். மேசை பாதி நீளத்தில் வருகிறது, கட்டில் நகராது. வெள்ளி கலந்த மெல்லிய கம்பி இரண்டு கட்டும், குழாயில் தடவுகிற வெள்ளைப் பசை ஒரு டப்பாவும் உடனே அனுப்பு, வாரக் கடைசியில் படகின் கொதிகலன் பற்றவைக்க வேண்டும். மகளை மன்னித்துவிட்டேன், மூன்று வேளையும் அவள் கையால்தான் சாப்பிடுகிறேன். உன்னையும் மன்னித்துவிட்டேன், கம்பி வந்து சேரும் வரை. ஆனால் இவ்வளவு நடந்த பிறகு ஒருவரையாவது மன்னிக்காமல் விடவில்லை என்றால் எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிடும். மேசைக்கு அளக்க வந்த மனுஷன் என் தலைமாட்டுச் சுவரில் பென்சிலால் நீளம் அகலம் எழுதி, பக்கத்தில் ‘கட்டில் நீங்கலாக’ என்றும் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அந்தத் தச்சரை என் உயிர் உள்ளவரை மன்னிக்க மாட்டேன்.