பன்னிரண்டு முதுகுகளும் இரண்டு காதுகளும்

கவிதை படிக்கிறவர்களைப் பற்றி நமக்குப் புகார் இல்லை. அவர்கள் பாட்டுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்து படித்துவிட்டுப் போய்விடுவார்கள். கவிதையால் தூண்டப்படுகிறவர் என்று ஒருவர் இருக்கிறாரே, அவரிடம்தான் ஜாக்கிரதை. அவர் கையில் ஒரு கேமராவும் இருந்து, தூண்டிய கவிதை ஓர் எழுத்துகூடத் தெரியாத மொழியில் இருந்துவிட்டால் தீர்ந்தது. வீட்டில் இருப்பவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

எங்கள் மாடியில் குடியிருப்பவர் இந்த ரகம். ஸ்டுடியோ வைத்து, கல்யாணமும் பாஸ்போர்ட் படமும் எடுத்துக்கொண்டு நன்றாகத்தான் இருந்தார். ஒருநாள் ஹீப்ருக் கவிதை ஒன்று அவர் ஃபோனுக்கு வந்து சேர்ந்தது. முதல் இரண்டு வரியை ஃபோனே தமிழில் சொன்னது: "ஜன்னலருகே நிற்கிறாய், உன் தோளில் வெயில்." மூன்றாவது வரிக்குப் போனாரா? எதற்குப் போக வேண்டும்? அதற்குள்தான் தூண்டப்பட்டாகிவிட்டதே!

மனைவியை ஜன்னலருகே நிறுத்தினார். முதுகு, தோள், பின்னங்கழுத்து, பின்னலின் நுனி, மறுபடி முதுகு என்று அவர் எடுத்துத் தள்ள, அடுப்பில் பால் பொங்கி வழிய, குக்கர் கூப்பாடு போட, பதினொரு நாள் அந்த அம்மாள் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். எதிர்வீட்டுக்காரர்கள் கேமராவுக்குப் பயந்து தங்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள்.

"என்னங்க, அந்த லைப்ரரி வேலைக்கு அப்ளிகேஷன் குடுக்குற நேரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணியோட முடியுது. மூணு வருஷமா காத்துக்கிட்டிருந்தேன். ஒரு பாஸ்போர்ட் படம் எடுத்துக் குடுங்களேன். முகம் நேரா, ரெண்டு காதும் தெரியணுமாம்."

"காதா? இப்போ முகத்தை எடுத்தா என் மனநிலையே கலைஞ்சிடும். திரும்பாம நில்லு."

கீழ்வீட்டில் இருக்கும் என் காதுக்கே இந்தக் கோரிக்கை ஆறு தடவை கேட்டது. அவருக்குக் கேட்கவில்லை.

அதே வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அவர் ஸ்டுடியோவில் கண்காட்சி. சுவரில் பன்னிரண்டு முதுகுகள். நடுவில் கண்ணாடிச் சட்டத்துக்குள் அந்த ஹீப்ருக் கவிதை. வந்தவர்கள் தலையைச் சாய்த்து "ம்ம்" என்றார்கள். பொய் சொல்வானேன், நானும் "ம்ம்" என்றேன்.

அப்போது வந்தார் பல் டாக்டர், ஹீப்ரு பேசுகிறவர்களுக்கு நடுவே எட்டு வருஷம் பல் பிடுங்கிவிட்டு வந்தவர். கவிதைக்கு முன்னால் நின்று கழுத்தை ஒருமாதிரி வளைத்தார்.

"சார், இதைத் தலைகீழா மாட்டியிருக்கீங்க."

நம் ஆள் அசருவாரா? "வேணும்னேதான் டாக்டர்!"

"சரி. முழுசாப் படிச்சீங்களா?"

"கவிதையைப் படிக்கக் கூடாது டாக்டர், உணரணும்."

"நான் தெரியாத்தனமாப் படிச்சுட்டேன். மொத்தமே நாலு வரிதான்." கழுத்தை இன்னும் கொஞ்சம் வளைத்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "ஜன்னலருகே நிற்கிறாய், உன் தோளில் வெயில். நின்றது போதும், இந்தப் பக்கம் திரும்பு. உன் முகம் எனக்கு மறந்துகொண்டே வருகிறது."

அறையில் ஒரு "ம்ம்" இல்லை. எல்லோரும் அந்த அம்மாளைத் தேடினார்கள். காணோம்.

அஞ்சு பத்துக்கு மூச்சு வாங்க உள்ளே வந்தார். நாலரைக்கே நழுவியிருக்கிறார். தெருமூலையில் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்காரம்மா, வெள்ளைச் சுவரில் நிறுத்தி இரண்டே நிமிஷத்தில் படம் எடுத்துக் கொடுக்க, ஓட்டமாக ஓடி விண்ணப்பத்தைச் சேர்த்துவிட்டாராம். அஞ்சு அடிக்க நாலு நிமிஷம் இருந்ததாம். எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

டாக்டர் கடைசி வரியை அவருக்கும் சொன்னார். கேட்டுக்கொண்டு, கையிலிருந்த சின்னக் கவரைத் திறந்து ஒரு படத்தை எடுத்துக் கணவரின் சட்டைப் பையில் வைத்தார்.

"மீதி அஞ்சு இருக்கு. மறந்துபோச்சுன்னா எடுத்துப் பாத்துக்கோங்க. ரெண்டு காதும் நல்லா வந்திருக்கு."

நம் ஆள் வெட்கப்பட்டிருப்பார் என்று நினைக்கிறீர்களா? படத்தை வெளியே எடுத்தார். கிட்டத்தில் வைத்துப் பார்த்தார், தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"லைட்டிங் சரியில்லை" என்றார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரித்து முடித்ததும் உங்கள் ஃபோனை எடுத்து, வீட்டில் உங்களோடு இருப்பவரின் முகம் நேராக, இரண்டு காதோடு, ஒரே ஒரு படம் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். நான் நேற்றே தேடிவிட்டேன். எங்கள் வீட்டுப் பூனையின் படம்தான் நாற்பது இருக்கிறது.